ரசம் முதலில் வரும்

ஜெர்மனியிலிருந்து புறப்படுவதற்கு முந்தின நாள் அம்மாவுக்குப் போன் செய்து, திரும்பி வருவது விமானத்தின் முதல் வகுப்பில் என்று சொன்னேன். மலேசியாவில், ராவாங்கில் நான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலைக்கு இயந்திரம் விற்ற கம்பெனியின் உபசாரம் அது. எப்படிக் கிடைத்தது என்பது சுவாரசியமில்லாத கதை, விட்டுவிடுகிறேன். அம்மாவுக்குப் பின்னால் தொலைக்காட்சியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தை அவர் குறைப்பது கேட்டது.

“அட்டை குடுப்பாங்க,” என்றார். “மடங்காம கொண்டு வா பாப்பா.”

என்ன அட்டை என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அட்டை என்றால் ஒன்றுதான்.

அம்மா பதின்மூன்று ஆண்டுகள் விமானச் சமையற்கூடத்தில் வேலை செய்தவர். எங்கள் செம்பனைத் தோட்டத்து முச்சந்தியில் விடியுமுன் கம்பெனி பஸ் வந்து நிற்கும். இரண்டு மணி நேரம் ஓடி விமான நிலையத்துப் பக்கம் கொண்டு போய் விடும். சமைப்பவர்கள் வேறு. வெள்ளைத் துணி, கத்தி, முள்கரண்டி, உப்புக் குடுவை, ரொட்டித் தட்டு என்று முதல் வகுப்புக்கான ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் அடுக்கி, துணிக் கைத்துண்டை மடித்து வைப்பது அம்மாவின் வேலை. அந்தச் சாப்பாட்டில் ஒரு வாய் அவர் தின்றதில்லை. வாசலில் பையைச் சோதிப்பார்கள். ஒரு ரொட்டித் துண்டு இருந்தாலும் வேலை போய்விடும். விமானத்தில் ஏறியதும் இல்லை. ஆனால் மேலே என்ன நடக்கும் என்பதை அங்கிருந்த சீன சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்திருந்தார். முதலில் சூடான ஈரத் துண்டு வரும். அடுத்து சூப். அது முடிந்து கோப்பையை எடுத்த பிறகுதான் அடுத்த தட்டு. கரண்டியைப் படுக்க வைத்தால் முடிந்துவிட்டது என்று பொருள். பணிப்பெண் பார்த்துத் தானே வந்து எடுப்பாள். கூப்பிட வேண்டியதில்லை.

தேதி முடிந்த மெனு அட்டைகளை ஒருநாள் குப்பையில் கொட்டியபோது, சூப்பர்வைசரிடம் கேட்டு அம்மா ஒன்றை எடுத்து வந்தார். தடித்த பால்நிற அட்டை, தங்கநிறக் கயிறு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். எட்டு வயதில் அந்த அட்டையை எழுத்துக்கூட்டி நான்தான் வாசித்துக் காட்டினேன். புரியாத சொற்களைப் பள்ளி ஆசிரியையிடம் கேட்டு வந்து அர்த்தம் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தலை நிமிரும், மறைப்பானேன்.

சம்பளம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த எங்கள் வீட்டில் ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ நடக்கும். பெயர் வைத்தது அப்பா. அம்மா ‘குட் மார்னிங்’ என்று அச்சிட்ட இரண்டு துண்டுகளை நனைத்துச் சுருட்டி, இட்லிச் சட்டியில் ஆவி காட்டி, இடுக்கியால் எடுத்து எங்கள் கையில் வைப்பார். மடியில் விரித்துக்கொள்ள, என் பழைய பள்ளிச் சட்டைகளை வெட்டித் தைத்த வெள்ளைத் துணிகள். பிறகு ரசம் வரும். தேநீர்க் கோப்பையில், சாசரோடு, சின்னக் கரண்டியோடு, பக்கத்தில் சுட்ட ரொட்டி ஒரு துண்டோடு வரும். விமானத்தில் சூப் முதலில் வருவதால் எங்கள் வீட்டில் ரசம் முதலில் வந்தது. அதைக் குடித்துக் கரண்டியைச் சாசரில் படுக்க வைத்தால்தான் சோறும் மீன் சம்பலும் உள்ளேயிருந்து புறப்படும். அப்பாவுக்குப் பொறுமை இருக்காது.

“சோத்தக் கொண்டா ஜெயா, பிளேன் எறங்கிறப் போவுது,” என்பார்.

“கரண்டிய ஒழுங்கா வைங்க, வரும்,” என்பார் அம்மா.

கடைசியில் பப்பாளி, அதற்கும் பிறகு பால் சேர்க்காத தே ஓ.

எனக்குப் பதினைந்து வயதானபோது பக்கத்து ஊரான கோலா சிலாங்கூரில் பள்ளித் தோழி ஒருத்தியின் வீட்டில் விருந்து. வாழையிலையில் சோறு விழுந்ததும், சாம்பார் வாளியோடு வந்தவரிடம் முதலில் ரசம் வேண்டும் என்றேன். பந்தியே சிரித்தது. தோழியின் அத்தை, இது எந்தத் தோட்டத்து முறை என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். உலகத்தில் யாரும் ரசத்தை முதலில் குடிப்பதில்லை, உனக்குத் தெரியாததை எங்களுக்குப் பழக்காதே என்றேன். அது அவர்கள் வீட்டு முறை என்று மட்டும் அம்மா சொன்னார். அடுத்த சம்பள ஞாயிறு எல்லாவற்றையும் ஒரே தட்டில் நானே போட்டுக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் போய் உட்கார்ந்தேன். அதன் பிறகு விடுதி, பல்கலைக்கழகம், வேலை. அம்மா முழங்கால் வலியால் வேலையை விட்டு விட்டார். ஆனால் வீட்டில் அப்பாவுக்கு மட்டும் ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது. நான் அந்த மேசையில் மறுபடி உட்காரவே இல்லை.

இயந்திர வேலையாகப் போன ஜெர்மனியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சின்ன ஊர், பெரிய தொழிற்சாலை, சுத்தமான ரயில் நிலையம். நான் தங்கிய வீட்டு அம்மையார் இரவில் அடுப்பே மூட்டமாட்டார். ரொட்டி, வெண்ணெய், குளிர்ந்த இறைச்சி, ஊறுகாய் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டு, எடுத்துக்கொள் என்று கையைக் காட்டுவார். நான்காம் நாளே சூடாக ஏதாவது தொண்டையில் இறங்காதா என்று இருந்தது. முதல் வகுப்பில் போகப்போகிறேன் என்று தெரிந்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த சூப்தான்.

விமானத்தில் என் இருக்கை ஒரு சிறிய அறை மாதிரி இருந்தது. கதவுகூட உண்டு. காலணியைக் கழற்றலாமா கூடாதா என்று பத்து நிமிடம் யோசித்தேன். பக்கத்து வரிசையில் ஒரு சீனப் பெரியவர், பினாங்குக்காரர், நாற்பது வருடமாக வியாபார நிமித்தம் பறப்பவர். அவரே பேச்சுக் கொடுத்தார். முன்பெல்லாம் தள்ளுவண்டியில் முழு ஆட்டுத்தொடையைக் கொண்டு வந்து, எத்தனை துண்டு என்று கேட்டு, கண் முன்னால் அறுத்து வைப்பார்களாம். ஒரு சாப்பாடு மூன்று மணி நேரம் நடக்குமாம். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு சிந்தினால் துணியையே மாற்றுவார்களாம். “இப்போது படுக்கை நீளமாகிவிட்டது, சாப்பாடு குட்டையாகிவிட்டது,” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். எல்லாருக்கும் தூங்க வேண்டும், படம் பார்க்க வேண்டும். அவரும் அப்படித்தானாம்.

துண்டு வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள், ஆறிப்போய். பிறகு ஒரு தட்டம். மூடி போட்ட கிண்ணத்தில் சூப், அதன் பக்கத்தில் மீன், இலைக்கறிகள், பாலாடைக்கட்டி, கண்ணாடிக் குவளையில் கேக், எல்லாம் அந்த ஒரே தட்டத்தில். கைத்துண்டு காகிதம். நல்ல தடிமனான காகிதம்தான்.

சூப் ருசியாகவே இருந்தது. குடித்து முடித்துக் கரண்டியைப் படுக்க வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பணிப்பெண் இரண்டு முறை கடந்து போனார். இரண்டு முறையும் புன்னகைத்தார். மீனின் மேல் வெண்ணெய் உறைந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது. யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று பெரியவர் கேட்டார். அடுத்ததற்காக என்றேன். அடுத்தது உன் முன்னால்தானே இருக்கிறது என்றார். அவர் கேலி செய்யவில்லை. ஆனால் எனக்குப் பதினைந்து வயதுப் பந்தி ஞாபகம் வந்து காது சூடாகிவிட்டது.

மூன்றாம் முறை வந்த பணிப்பெண், எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மெனு அட்டை கேட்டேன். அது நின்று நாளாகிறது, திரையில் பார்க்கலாம் என்றார். என் முகம் எப்படி இருந்ததோ, உள்ளே போய்த் தேடி, விமானப் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஆள் வேலையை ஒருவராகச் செய்துகொண்டிருந்தார். கீழே ஏதோ ஒரு சமையற்கூடத்தில் அந்தத் தட்டத்தை அடுக்கிய பெண்ணை நினைத்துக்கொண்டேன். மடிப்பதற்கு அவளுக்கு ஒன்றுமே இருந்திருக்காது.

விமான நிலையத்துக்கு அப்பா தன் வேனிலேயே வந்திருந்தார். தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை அறுத்துக்கொண்டிருந்தவர், இப்போது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். முதல் வகுப்பில் வந்தவள் ஒட்டுப்படங்கள் நிறைந்த சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். ஈஜோக் என்ற ஊரைத் தாண்டியதும் வேன் ஒரு பக்கமாக இழுத்தது. குலை ஏற்றிப் போன லோரியிலிருந்து விழுந்திருந்த மட்டை ஒன்றின் முள் டயரில் ஏறியிருந்தது. மாற்று டயரை எடுத்தால் அதிலும் காற்றில்லை. மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் நிறுத்தி, எதுவும் கேட்காமல் டயரைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் போனார். பலகையில் ஊர்ப் பெயரை மாற்றிப் பல காலம் ஆகிவிட்டது. நாங்கள் யாரும் பேச்சில் மாற்றவில்லை.

செம்பனை நிழலில் உட்கார்ந்தோம். அப்பா முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றித்தான். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே தட்டம், காகிதத் துண்டு, அட்டை இல்லை. அவர் ஒரு சுள்ளியை எடுத்து மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“அவகிட்ட சொல்லாத,” என்றார். “ஞாயித்துக்கெழம நீ அட்டையப் படிச்சுக் காட்டுவ, அதுல உள்ள மாதிரியே செய்வேன்னு சொல்லிட்டு இருக்கா. மூனு நாளா பீங்கான் தட்டெல்லாம் எடுத்துத் தொடச்சிக்கிட்டு இருக்கா.”

“அட்டையே இல்லியேப்பா.”

“கடையில ஒன்னு அடிச்சிரு லா. நீ படிச்சா அவ கேட்டுக்குவா. என்னா எழுதியிருக்குன்னு அவளுக்கு என்னா தெரியும்?”

நல்ல மனதோடுதான் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து டயர் திரும்பி வந்தது. மலாய்க்காரர் எங்கள் இருவருக்கும் இளநீர் வாங்கி வந்திருந்தார்.

அம்மா வாசலில் நின்றார். லயத்தை இடித்த பிறகு நாங்கள் குடிவந்த வரிசை வீடு அது. வாசலில் கருவேப்பிலைச் செடி ஆளுயரம் வளர்ந்திருந்தது. என்னைத் தொட்டுப் பார்த்தார், இளைத்துவிட்டதாகச் சொன்னார், சோறு போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை கேட்கவில்லை. கை கழுவும்போது, “அட்டை மடங்கலல்ல?” என்றார்.

“பெட்டியில அடியில இருக்கும்மா. எடுக்கறேன்,” என்றேன். அதை யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது.

“அவசரமில்ல. ஞாயித்துக்கெழம எடு,” என்றார் அம்மா.

சனிக்கிழமை வங்கி வேலை என்று சொல்லிவிட்டுக் கோலா சிலாங்கூருக்குப் பஸ் ஏறினேன். சந்தைக்குப் பின்னால் ஒரு சீனரின் அச்சுக்கடை. முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார். பழைய அட்டை எனக்கு மனப்பாடம். கணினி முன்னால் உட்கார்ந்து நானே தட்டினேன். தெளிந்த கோழி சூப், ஆற்று இறால், எலுமிச்சை சேர்த்த ஆட்டிறைச்சி, பாலாடைக்கட்டி, தேனில் வெந்த பேரிக்காய். எந்த எழுத்து வடிவம் என்று கேட்டார். சாய்ந்த எழுத்து என்றேன். எத்தனை பிரதி என்று கேட்டார். ஒன்று என்றேன்.

கல்யாணத்துக்கு ஒரு பிரதி போதுமா என்று அவருக்கு ஆச்சரியம். ஐம்பது அடித்தாலும் அதே உழைப்புதான் என்றார். கல்யாணமில்லை, அம்மாவுக்காக என்று சொன்னேன். அம்மாவுக்கா கல்யாணம் என்று கேட்டுவிட்டு, வேலையிலிருந்த பெண்ணிடம் சீனத்தில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். ஆனால் மேசை இழுப்பறையைக் கிண்டி, யாரோ வாங்காமல் விட்ட கல்யாணப் பத்திரிகையிலிருந்து தங்கநிறக் கயிறு ஒன்றைத் தேடிக் கோத்துக் கொடுத்தார். உண்மையான அட்டையைவிட அழகாக இருந்தது.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. மீன் தலைக்கறிக்குப் பெயர் போனது. சோற்றின் மேல் கோழிக் குழம்பு, அதன் மேல் மீன் குழம்பு, அதற்கு மேல் பருப்பு என்று கரண்டி கரண்டியாக ஊற்றிக் கொடுத்தார் கடைக்காரர். ஒன்றோடொன்று கலந்தால்தான் ருசி என்பது அவர் கட்சி. மேசையில் உறையிலிருந்து பாதி வெளியே தெரிந்த அட்டையைப் பார்த்தவர், கையை நன்றாகத் துடைத்துவிட்டு எடுத்தார். ஒவ்வொரு வரியாக உதடு அசைத்துப் படித்தார்.

“எந்த ஹோட்டல்மா இது?”

“பிளேன்ல குடுத்தாங்கண்ணே. ஃபர்ஸ்ட் கிளாஸ்ல.”

“இவ்ளோத்தையும் ஒன்னு ஒன்னாவா கொண்டாந்து வச்சாங்க?”

“ஆமா.”

அவர் அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மா கயிற்றைத் தொட்டுப் பார்த்து, நம்ம பிள்ளை ஒன்று இப்படி உட்கார்ந்து சாப்பிட்டு வந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். கடைக்காரர் எனக்கு ஒரு மீன் துண்டு அதிகம் வைத்தார். பொய் அவ்வளவு சுலபமாக நடந்தது. அந்த மீன் துண்டைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்திருந்தேன். இரு பக்கமும் செம்பனை. எனக்குப் பதினோரு வயதில், இதே மாதிரி செம்பனை வரிசைகளுக்கு நடுவே இருந்த எங்கள் லயத்துக்கு, தோட்டத்துக் கணக்கரான கிராணி ஒரு கடிதம் கொண்டு வந்தார். அலுவலகத்திலிருந்து என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். லயமே எங்கள் வாசலில் கூடியது. கடிதம் மலாயில் இருந்தது. முதல் இரண்டு வரியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று. அம்மா அடுப்பிலிருந்து வந்த கையோடு நின்றிருந்தார். வேறு ஏதாவது சொல்லிவிடலாமா என்று அந்தச் சின்ன வயதிலும் நினைத்தேன். சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி படித்தேன். ஒருவர் மட்டும், பிள்ளை தப்பாகப் படித்திருக்கும் என்றார். அம்மா சொன்னார், “எம்மவ படிச்சா படிச்சதுதான்.”

அன்றிலிருந்து எங்கள் வரிசைக்கு வந்த ஆஸ்பத்திரிக் கடிதம், மின்சார நோட்டீஸ், கோர்ட் தாள் எல்லாம் என்னிடம்தான் வரும். எத்தனை பட்டம் வாங்கினாலும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நான் நிற்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேசையில் வெள்ளை விரிப்பு. மடிப்புக் கலையாத என் பள்ளிச் சட்டைத் துணிகள், ஈட்டி முனைபோல் மடிக்கப்பட்டு, இரண்டு இடத்தில் நின்றன. துவைத்துத் துவைத்து மெலிந்திருந்தன. இட்லிச் சட்டியிலிருந்து துண்டுகள் வந்தன. கை சுட்டது. அப்பா முகத்தையும் கழுத்தையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டார். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, “படி பாப்பா,” என்றார்.

அட்டையைத் திறந்தேன். சூப்பின் பெயரை ஆங்கிலத்தில் படித்தேன். அம்மா தலையாட்டினார், பழைய ஆளைத் தெருவில் பார்த்த மாதிரி. இரண்டாவது வரிக்கு வாய் திறந்தேன். படிக்காமல் அட்டையைத் தாழ்த்தினேன். மேசைக்கு அடியில் அப்பா என் காலை மிதித்தார்.

“அம்மா, இது அவங்க குடுத்தது இல்ல. நேத்து கோலா சிலாங்கூர்ல நான் அடிச்சது,” என்றேன்.

அம்மா அட்டையை வாங்கினார். எழுத்தைப் பார்க்கவில்லை. கயிற்றை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். “கல்யாணப் பத்திரிகைக் கயிறு,” என்றார். பிறகு அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“துண்டு குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க. ஆறிப் போயிருந்திச்சு.”

“மடியில விரிக்க?”

“பேப்பர்மா.”

“சூப்பு?”

“எல்லாத்தோடயும் வந்திச்சு. ஒரே தட்டுல.”

அம்மா அதை நம்பச் சிரமப்பட்டார் என்று தெரிந்தது. கேக்கும் அதிலேயேவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேசை விரிப்பின் ஓரத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

“நீ கரண்டியப் படுக்க வச்சியா?”

“வச்சேன்.”

“வந்தாங்களா?”

“வரலம்மா.”

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். அப்பா என்னைத் திட்டவில்லை. துண்டை மறுபடி சுருட்டி, பழையபடி வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் தட்டுகள். சோறு, அதன் மேல் மீன் சம்பல், ஓரத்தில் கூட்டு, கூட்டை ஒட்டிப் பப்பாளித் துண்டு, தட்டின் விளிம்பில் சாசரோடு இடித்துக்கொண்டு ரசக் கோப்பை. அப்பா முன்னால் ஒன்று, என் முன்னால் ஒன்று வைத்தார். போய்த் தனக்கும் ஒன்று கொண்டு வந்து உட்கார்ந்தார். எங்களோடு சேர்ந்து அவர் அந்த மேசையில் சாப்பிட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“இப்ப இப்பிடித்தானாம்,” என்று அப்பாவிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் மாறிவிட்டது என்று சொல்வது மாதிரி சொன்னார். “சாப்புடுங்க.”

எத்தனையோ வருடம் அப்பா கேட்டது அதுதான். சோற்றைச் சீக்கிரம் கொண்டு வா என்றுதான் கேட்டார். வந்த பிறகு அவர் கை சோற்றில் இறங்கவில்லை. பப்பாளியில் சம்பல் எண்ணெய் ஏறிச் சிவந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதின்மூன்று வருடம் தினமும் முந்நூறு, நானூறு கைத்துண்டுகளை மடித்தவர் அம்மா. மேலே யாரோ அதைப் பிரிக்கிறார்கள், ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்து அடுத்ததைக் கொண்டு வருகிறாள் என்ற நினைப்பில்தான் இந்த வீட்டில் ரசம் முதலில் வந்தது. அந்த நினைப்பை நான் இப்போது எடுத்துவிட்டேன். பதினைந்து வயதில் கூச்சல் போட்டு எடுக்க முடியாததை, உண்மையைச் சொல்லி எடுத்துவிட்டேன்.

சாசரோடு ரசக் கோப்பையைத் தூக்கித் தட்டிலிருந்து தள்ளி, என் முன்னால் தனியாக வைத்தேன். பள்ளிச் சட்டைத் துணியைப் பிரித்து மடியில் விரித்தேன். கரண்டியால் ரசத்தைக் குடிக்க ஆரம்பித்தேன். மிளகு தூக்கலாக இருந்தது. அவசரப்படவில்லை. அடியில் தங்கிய தக்காளித் தோலையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கரண்டியைச் சாசரில் படுக்க வைத்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். சோற்றைத் தொடவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். அவரும் தன் கோப்பையை எடுத்துத் தனியாக வைத்தார். சத்தம் போட்டு உறிஞ்சிக் குடித்தார். கரண்டியை வைத்தார். எப்போதும் போல் கோணலாக.

அம்மா தன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். வாயில் வைக்கவில்லை, பிசைந்துகொண்டே இருந்தார். எதிர் வீட்டில் யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, அணைத்து, மறுபடி கிளப்பினார்கள். மீன் ஆறிக்கொண்டிருந்தது. விமானத்தில் காத்திருந்த அதே மாதிரிதான் நான் காத்திருந்தேன். அங்கே யார் வருவார் என்று எனக்குத் தெரியாது, இங்கே தெரியும்.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து சுவரோரக் குழாயில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் வலப் பக்கமாக வந்தார். கோப்பையை எடுத்தார். சோற்றுத் தட்டையும் எடுத்தார். அப்பாவின் பக்கம் போய், அவருடைய கரண்டியை நேராகத் திருப்பி வைத்துவிட்டு அந்தக் கோப்பையையும் தட்டையும் எடுத்தார்.

“இருங்க, வரும்,” என்றார்.

உள்ளே பாத்திரங்களைப் பிரித்து வைக்கும் சத்தமும், அடுப்புப் பற்றிக்கொள்ளும் சத்தமும் கேட்டன. அப்பா என்னைப் பார்த்து ஒரு விரலை உதட்டில் வைத்தார். நாங்கள் இருவரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டோம்.